நாடிழந்த சாரதியின் நெடும்பயணம்

1972 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், உகண்டாவின் இராணுவ ஆட்சியாளராகவிருந்த இடி அமீன், அந்நாட்டில் வாழ்ந்த ஆசிய வம்சாவளியினர் 90 நாட்களுக்குள் வெளியேறிவிட வேண்டுமென அறிவித்தார். தலைமுறைகளாக அங்கு வேரூன்றியிருந்த பல்லாயிரக்கணக்கானோர் வீடு, கடை, தோட்டம், தொழிற்சாலை என அனைத்தையும் கைவிட்டு, எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்ட சொற்பப் பொருட்களுடன் நாட்டைவிட்டுச் சென்றனர். பெரும்பாலானோர் பிரித்தானியாவுக்கும் கனடாவுக்கும் இந்தியாவுக்கும் போய்ச் சேர்ந்தனர். அயல்நாடான கென்யாவில் குடியேறும் வாய்ப்பு ஒரு சிலருக்கே கிட்டியது. அவர்களுள் 27 வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். அடுத்த ஆண்டின் உயிர்த்த ஞாயிறு காலத்தில், கிழக்காபிரிக்காவின் மிகப்பெரிய மோட்டார் பந்தயத்தில் அவர் முதலிடம் பெற்றார்.

சேகர் மேத்தா என்ற அந்தப் பெயர் நமது வாசகர்கள் பலருக்குப் புதியதாக இருக்கலாம். நமது பகுதிகளில் விளையாட்டு என்றால் கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும்தான் முதலில் நினைவுக்கு வரும். எனினும் இடம்பெயர்வு என்பதை அகராதியில் தேடிப் பொருள் அறியவேண்டிய அவசியமில்லாத நமக்கு, இந்த மனிதரின் வாழ்க்கையில் அறிந்துகொள்ளச் சில விடயங்கள் உள்ளன என்று கருதுகிறோம்.

மேத்தா 1945 ஜூன் 20 ஆம் திகதி உகண்டாவில் பிறந்தார். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அவரது குடும்பத்தினர் பெருந்தோட்ட உரிமையாளர்கள். வறுமையிலிருந்து எழுந்து வந்தவர் என்று அவரைக் கூறிவிட முடியாது. மோட்டார் பந்தயம் செல்வந்தர்களின் விளையாட்டு. அதற்கான வசதி அவருக்கிருந்தது. 1966 இல் பீ.எம்.டபிள்யூ. கார் ஒன்றுடன் அவர் ரலி பந்தயங்களில் இறங்கினார். ஆனால் பணத்தால் வாகனத்தை வாங்கலாமேயன்றி, பாதையை வாங்கிவிட முடியாது. கிழக்காபிரிக்காவின் வீதிகளை அறிந்துகொள்ள ஆண்டுக்கணக்கில் அவற்றில் ஓட்டித் திரியத்தான் வேண்டியிருந்தது.

இங்கே சபாரி ரலி பற்றிச் சற்று விளக்குவது அவசியம். பிரித்தானிய மகாராணி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவை முன்னிட்டு, 1953 இல், அப்போது பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த கென்யா, உகண்டா, தங்கனிக்கா ஆகிய மூன்று நாடுகளினூடாகவும் இப்பந்தயம் ஆரம்பிக்கப்பட்டது. அக்காலத்தில் ஏறத்தாழ 5000 கிலோமீற்றர் தூரத்தைச் சில நாட்களில் கடக்க வேண்டியிருந்தது. ஐரோப்பியப் பந்தயங்களில் போன்று வீதிகள் அப்போது மூடப்படவில்லை. எதிரே பஸ் வரலாம். மாட்டு மந்தை வரலாம். இரவில் காட்டு விலங்கு குறுக்கே பாயலாம். மழை பெய்யாவிட்டால் கண்ணை மறைக்கும் செம்புழுதி. பெய்தால் சில்லுகளை விழுங்கும் கரிய களிமண். உலகின் பெயர்பெற்ற சாரதிகள் பலர் இங்கு வந்து, ஆற்றங்கரையிலோ சேற்றுக் குழியிலோ தமது வாகனத்தை விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

அக்காலத்தில் இப்பந்தயத்தின் கணக்கு முறையும் வித்தியாசமானதாக இருந்தது. ஒரு சோதனை நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குச் செல்லக் குறிப்பிட்ட நேரம் விதிக்கப்பட்டது. தாமதமான ஒவ்வொரு நிமிடத்துக்கும் தண்டப் புள்ளி இருந்தது. விதிக்கப்பட்ட நேரமோ பல இடங்களில் எவராலும் எட்டமுடியாததாக இருந்தது. எனவே இழப்பின்றி எவரும் பந்தயத்தை முடிக்கவில்லை. எல்லோரும் இழந்தார்கள்; குறைவாக இழந்தவர் வெற்றி பெற்றார்.

1971 இல் டட்சன் 240 இசட் காரில் மேத்தா இரண்டாமிடம் பெற்றபோது அவரது பெயர் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அவ்வாண்டு முதலிடம் பெற்றவர் அதே வகைக் காரை ஓட்டிய எட்கர் ஹெர்மன். மறுவருடம் உகண்டா அவரது நாடாக இல்லாமற் போயிற்று. அவரது குடும்பம் கென்யாவுக்குப் பெயர்ந்தது.

1973 இல் உலக ரலி சம்பியன் தொடர் முதன்முறையாக ஆரம்பமாகியபோது, சபாரியும் அதன் ஓர் அங்கமாயிற்று. அவ்வருடம் மேத்தா மீண்டும் 240 இசட் காரில், லொஃப்டி ட்ரூஸை இணைச் சாரதியாகக் கொண்டு போட்டியிட்டார். ஐயாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டத்தின் முடிவில், அவரும் சுவீடன் நாட்டவரான ஹரி கால்ஸ்ட்ரோமும் தலா 406 தண்டப் புள்ளிகளுடன் சமநிலையில் நின்றனர். சமநிலை ஏற்படும்போது கையாளப்படும் விதியின்படி மேத்தா வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். பிறந்த நாடு தம்மைத் துரத்திய சில மாதங்களுக்குள், புகுந்த நாட்டின் பெருவிழாவில் அவர் மகுடம் சூடினார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அது சினிமாக் கதையாக இருந்திருக்கும். வாழ்க்கை அவ்வாறு அமைவதில்லை. அடுத்த ஆண்டில் லான்சியா அணிக்காக ஓட்டிய மேத்தா முன்னணி இடங்களுக்கே வரவில்லை. 1974 இலும் 1976 இலும் கென்யாவின் சீக்கிய வீரரான ஜோகிந்தர் சிங் வெற்றிபெற்றார். இடையில் 1975 இல் சுவீடனின் ஒவ் அண்டர்சன் வென்றார். 1977 இல் பியோர்ன் வால்டகார்டும், 1978 இல் பிரான்ஸின் ஜோன் பியர் நிக்கோலாவும் வெற்றியைத் தட்டிச் சென்றனர். ஐந்து சபாரிகள் மேத்தாவின் கையை விட்டு நழுவின. சமநிலையில் கிடைத்த முதல் வெற்றி வெறும் அதிர்ஷ்டமோ என்று எண்ணுவதற்கு அக்காலப்பகுதி போதுமானதாக இருந்திருக்கும்.

1979 இல் நிலைமை மாறியது. அவ்வாண்டு ஜேர்மனியின் மெர்சிடிஸ் நிறுவனத்தின் பெரிய 450 எஸ்.எல்.சி. கார்கள், ஹன்னு மிக்கோலா, வால்டகார்ட் போன்ற உலகத்தரம் வாய்ந்த சாரதிகளுடன் சபாரியில் களமிறங்கின. மேத்தாவிடம் இருந்தது டட்சன் 160 ஜே என்ற சாதாரண தோற்றமுடைய சிறிய கார். அருகில் இணைச் சாரதியாக மைக் டௌட்டி. இறுதியில் மிக்கோலா இரண்டாமிடத்தில் நின்றார். மேத்தா முதலிடத்தில் நின்றார். வாகனத்தின் வலுவைவிட அதை உடையாமல் கொண்டுசேர்க்கும் பக்குவமே இப்பாதையில் பெரிதென்பதை அந்த முடிவு உணர்த்தியது.

அதன் பின்னர் 1980, 1981, 1982 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவரே வென்றார். 1980 இலும் 1981 இலும் பின்லாந்தின் அனுபவமிக்க சாரதி ரௌனோ ஆல்ட்டொனன் இரண்டாமிடத்துடன் திருப்தியடைய வேண்டியதாயிற்று. 1982 இல் இரண்டாவதாக வந்தவர், அதே ஆண்டில் உலக சம்பியனான ஜேர்மனியின் வால்டர் ரோல். சபாரியைத் தொடர்ந்து நான்கு முறை வென்ற பெருமை மேத்தாவுக்கு உரித்தானது. 1981 இல் உலக சம்பியன் தொடரின் சாரதிகள் வரிசையில் ஐந்தாமிடத்தைப் பெற்று, தாம் ஒரு பாதைக்கு மாத்திரம் பழகியவரல்லர் என்பதையும் அவர் நிரூபித்தார்.

ஏற்றத்தின் பின் இறக்கம் வந்தது. 1983 இல் அந்த வெற்றித் தொடரை அரி வட்டானன் ஒப்பெல் காரில் முறியடித்தார். நிசான் நிறுவனம் புதிதாகக் கொண்டுவந்த 240 ஆர்.எஸ். கார், பழைய வயலட் காரைப் போன்று சபாரியை வென்று தரவில்லை. 1984 முதல் டொயோட்டாவின் காலம் ஆரம்பமாகியது. இக்காலத்தில் நடைபெற்ற சில பந்தயங்களில் மேத்தாவின் மனைவி இவோன் அவருக்கு இணைச் சாரதியாக அமர்ந்து வழிகாட்டினார் என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் மேத்தா பாலைவன நெடுந்தூரப் பந்தயங்களின் பக்கம் திரும்பினார்.

1987 இல் எகிப்தில் நடைபெற்ற பாரோக்கள் ரலியில் நேர்ந்த கோர விபத்து, அவரை மரணத்தின் விளிம்புக்கே கொண்டு சென்றது. உயிர் தப்பிய போதிலும் சாரதி ஆசனத்திலிருந்து அவர் விலக நேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 42. இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த ஒரு தொழில் வாழ்க்கை ஒரே நாளில் முடிவுற்றது.

இரண்டாவது முறையாக அவர் தமது இடத்தை இழந்திருந்தார். முதலில் நாடு, இப்போது தொழில். இம்முறையும் அவர் ஓய்ந்துவிடவில்லை. பந்தயங்களை நடத்தும் நிர்வாகப் பணியில் ஈடுபட்டு, சர்வதேச மோட்டார் வாகன சம்மேளனத்தின் ரலி ஆணைக்குழுத் தலைவராக உயர்ந்தார். உகண்டாவில் பிறந்து, கென்யாவின் பெயரால் ஓடிய ஓர் ஆசிய வம்சாவளியினர், ஐரோப்பியர் ஆதிக்கம் செலுத்திய ஒரு விளையாட்டின் விதிகளை வகுப்போரின் தலைமைக்கு வந்தது சிறிய விடயமல்ல.

இங்கும் விதி அவரைச் சோதிக்கத் தவறவில்லை. நிதி மற்றும் ஒழுங்கமைப்புச் சிக்கல்கள் காரணமாக, 2002 ஆம் ஆண்டுடன் சபாரி உலக சம்பியன் தொடரிலிருந்து நீக்கப்பட்டது. தம்மை உலகுக்கு அறிமுகப்படுத்திய பந்தயம் அந்த அரங்கிலிருந்து வெளியேறுவதை அவர் தம் வாழ்நாளிலேயே காண நேர்ந்தது. அது மீண்டும் அத்தொடருக்குத் திரும்பியது 2021 இல். அதைக் காண அவர் இருக்கவில்லை. 2006 ஏப்ரல் 12 ஆம் திகதி, தமது 60 ஆவது வயதில், அவர் இலண்டனில் காலமாகியிருந்தார்.

மேத்தாவின் வாழ்க்கையை நாடிழந்தோர் அனைவரின் கதையாகவும் நாம் காட்ட முற்படவில்லை. அது நியாயமுமாகாது. வசதி படைத்த குடும்பம் என்பதால் அவருக்குப் போக ஓர் இடமிருந்தது. ஏறி ஓட்ட ஒரு கார் இருந்தது. அதே 90 நாட்களில் வெளியேறிய சிறு கடைக்காரருக்கும் தையற்காரருக்கும் ஆசிரியருக்கும் அத்தகைய வாய்ப்புகள் இருக்கவில்லை. அவர்களுட் பலர் குளிர்நாட்டு முகாம்களிலும் தொழிற்சாலைகளிலும் வாழ்க்கையை முதலிலிருந்து தொடங்கினர். அவர்களுடைய வெற்றிகளுக்குக் கிண்ணங்கள் வழங்கப்படவில்லை.

ஆயினும் ஒன்றை இங்கு சொல்லியாக வேண்டும். ஒரு மனிதனை அவனது பூர்வீகத்தைக் காட்டி அந்நியன் என்று துரத்திய நாடு, அவனோடு சேர்த்து அவனது உழைப்பையும் திறமையையும் இழந்தது. ஏற்றுக்கொண்ட நாடோ ஐந்து வெற்றிகளைத் தன் பெயரில் எழுதிக்கொண்டது. இந்தக் கணக்கு உகண்டாவுக்கு மாத்திரம் உரியதல்ல. சொந்தக் குடிமக்களைக் குறித்த நாளுக்குள் வெளியேறச் சொல்லும் எந்த அதிகாரத்துக்கும், அது துப்பாக்கியோடு வந்தாலென்ன, சட்டத்தோடு வந்தாலென்ன, இறுதியில் மிஞ்சுவது இழப்புத்தான்.

சபாரியின் விதி நமக்கும் பொருந்தும். இழப்பின்றி எவரும் நெடுந்தூரம் கடப்பதில்லை. வழியில் நேர்ந்த இழப்பைச் சுமந்துகொண்டே அடுத்த நிலையம் வரை வாகனத்தைக் கொண்டுசேர்ப்பவர் பந்தயத்தில் நிலைக்கிறார். சேகர் மேத்தா தமது வாழ்நாள் முழுவதும் செய்தது அதைத்தான்.