விறகு பிளந்த பேராசிரியர்

(ஒரு பழைய மாணவன், இயந்திரவியல், 2006–2010)

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. ஏதாவது எழுதிக் கொடு, ஆனால் கவிதை மட்டும் வேண்டாம், தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டது என்றார்கள். விடுதி நினைவுகளை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மெஸ் சாம்பார், வார்டன், சுவரேறிக் குதித்தது என்று நாலு வரிக்கு மேல் போகவில்லை. அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இந்த மலரிலேயே இருப்பார்கள். ஆகவே, நம் கல்லூரி நூலகத்தில் நான் சந்தித்த ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். மின்வெட்டு நேரங்களில் ஜன்னலோர மேஜைக்கு ஓடிப்போய் உட்காருவோமே, நண்பர்களே, நினைவிருக்கிறதா? அங்கே பொருளாதார அலமாரியின் கடைசித் தட்டில் தூசியோடு கிடந்தது அந்தப் புத்தகம். பெயர் லிவிங் த குட் லைஃப். எழுதியவர்கள் ஸ்காட் நியரிங், ஹெலன் நியரிங் என்ற தம்பதியர். மின்சாரம் இல்லாத அறையில் உட்கார்ந்து, மின்சாரமே வேண்டாம் என்று மலைக்குப் போனவர்களைப் பற்றிப் படித்தது வேடிக்கைதான்.

ஸ்காட் நியரிங் 1883 ஆகஸ்ட் 6ஆம் தேதி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மாரிஸ் ரன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். ஏழை வீட்டுப் பிள்ளை இல்லை. அந்தச் சுரங்கத்தையே நிர்வகித்தவர் அவருடைய தாத்தா. ஊரில் மற்றவர்கள் தாத்தாவின் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள். அந்த வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தே, யார் உழைக்கிறார்கள், யார் சாப்பிடுகிறார்கள் என்ற கேள்வி அவருக்குள் புகுந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற வார்ட்டன் பள்ளியில் பொருளாதாரம் கற்பித்தார். மாணவர்கள் மொய்க்கும் ஆசிரியர். ஆனால் வகுப்பறைக்கு வெளியிலும் வாயை மூடவில்லை. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் சின்னஞ்சிறு பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைக் கண்டித்து ஊர் ஊராகப் பேசினார். அந்த ஆலைகளின் பக்கம் நின்றவர்கள் பல்கலைக்கழக நிர்வாகத்தில் செல்வாக்கோடு இருந்தார்கள். 1915இல் காரணம் சொல்லாமலே வேலை போனது. அடுத்து டொலீடோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் உலகப் போரை எதிர்த்ததற்காக 1917இல் அங்கேயும் கதவை அடைத்தார்கள். போரைக் கண்டித்து அவர் எழுதிய ஒரு சிறு பிரசுரத்துக்காக அரசாங்கம் வழக்குப் போட்டது. 1919இல் விசாரணை முடிந்து அவர் விடுதலையானார். ஆனால் அதே பிரசுரத்தை அச்சிட்ட அமைப்புக்கு 3000 டாலர் அபராதம்! எழுதியவன் குற்றமற்றவன், அச்சிட்டவன் குற்றவாளி. இடையில் 1918இல் நியூயார்க்கில் ஃபியரெல்லோ லா கார்டியாவை எதிர்த்துத் தேர்தலில் நின்று தோற்றதும் உண்டு.

அதற்குப் பிறகு எந்தப் பல்கலைக்கழகமும் அவரைச் சேர்க்கவில்லை. பெரிய பத்திரிகைகளும் கைவிட்டன. முதல் திருமணமும் பிரிவில் முடிந்தது. நாற்பத்தைந்து வயது, படிப்பு இருக்கிறது, பெயர் இருக்கிறது, வேலை மட்டும் இல்லை. இன்றைக்கு நம் அணியில் சிலர் இருக்கும் இடம் அதற்கு ரொம்ப தூரத்தில் இல்லை என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அந்தச் சமயத்தில்தான், 1928இல், ஹெலன் நோத் அவர் வாழ்க்கைக்குள் வந்தார். அவரைவிட 21 வயது இளையவர், வயலின் கற்றவர். பிரம்மஞான சபைக் குடும்பத்துப் பெண். நம் அடையாறில் வளர்ந்த ஜே. கிருஷ்ணமூர்த்திக்கு இளமையில் நெருங்கிய தோழி. அப்படிப்பட்டவர் நியூயார்க்கில் ஒரு வசதியில்லாத குடியிருப்பில் நியரிங்குடன் குடித்தனம் நடத்த வந்தார். பொருளாதார மந்தத்தில் நகரம் தத்தளித்துக்கொண்டிருந்தது. இல்லாதவனாக இருப்பதென்றால் நகரத்தைவிடக் கிராமத்தில் இருக்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

1932இல் வெர்மான்ட் மாநிலத்தில், ஸ்ட்ராட்டன் மலையடிவாரத்தில், 65 ஏக்கர் பண்ணை ஒன்றை 1100 டாலருக்கு வாங்கினார்கள். கையில் கொடுத்தது 300 டாலர், மீதி அடமானக் கடன். பண்ணை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். முந்தைய தலைமுறைகள் உழுது களைத்துக் கைவிட்டுப்போன மேட்டு நிலம். ஒழுகும் பழைய மரவீடு, சாய்ந்த கொட்டகை, வயலெல்லாம் கல். மின்சாரம் அந்த மலைப் பண்ணைகளை அப்போது எட்டவில்லை. அடுப்புக்கும் குளிருக்கும் விறகுதான். தண்ணீருக்கு மோட்டாரும் கிடையாது. மேட்டில் இருந்த ஊற்றிலிருந்து குழாய் இறக்கி, புவியீர்ப்பிலேயே வீட்டுக்கு வரவைத்தார்கள். அறுவடையைப் பாதுகாக்க மண்ணுக்கடியில் நிலவறை. உறைபனிக் காலம் முழுக்கக் கிழங்கும் ஆப்பிளும் முட்டைக்கோஸும் அதில் கெடாமல் இருக்கும். குளிர்பதனப் பெட்டி செய்கிற வேலையை மண்ணே செய்தது, மின்கட்டணம் இல்லாமல்.

இனி என் மனதுக்குப் பிடித்த பகுதி. சிவில்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்ளலாம். பழைய வீட்டை எத்தனை நாள் ஒட்டுப்போடுவது? கல் வீடு கட்டுவது என்று தீர்மானித்தார்கள். இரண்டு பேருக்கும் கொத்து வேலை தெரியாது. எர்னஸ்ட் ஃபிளாக் என்ற கட்டிடக் கலைஞர் ஒரு முறை சொல்லியிருந்தார். 1908இல் நியூயார்க்கில் உலகின் மிக உயரமான கட்டிடமாக எழுந்த சிங்கர் கட்டிடத்தை வடிவமைத்த அதே மனிதர்தான், சாமானியன் தன் கையால் கட்டுகிற கல் வீட்டைப் பற்றியும் யோசித்தார். முறை எளிது. சுவரின் இரு பக்கமும் ஒன்றரை அடி உயரப் பலகைகளை நிறுத்த வேண்டும். கல்லின் தட்டையான முகம் வெளிப்பலகையில் ஒட்டி நிற்கும்படி அடுக்கி, பின்னால் காங்கிரீட் போட்டு இடிக்க வேண்டும். இறுகியதும் அதற்கு மேல் அடுத்த பலகை வரிசை. அதுவும் இறுகியபின் கீழ்ப்பலகையைக் கழற்றி மேலே ஏற்ற வேண்டும். பலகை நேராக இருந்தால் சுவரும் நேராக இருக்கும். கொத்தனாரின் கண் செய்கிற வேலையைப் பலகை செய்துவிடும். கடைசியில் கல் இடுக்குகளுக்குப் பாயிண்டிங். நாம் சென்ட்ரிங் அடித்துத் தூண் போடுகிற அதே கதைதான், உள்ளே கல் போகிறது, அவ்வளவே.

அதைவிட என்னைக் கவர்ந்தது, கல்லை அவர்கள் சேர்த்த விதம். நடந்து போகிற வழியில், வண்டியில் வருகிற வழியில், தோட்டம் கொத்துகிறபோது, எங்கே நல்ல கல் கண்டாலும் எடுத்து வந்து தனித்தனிக் குவியலாகப் போட்டார்கள். மூலைக்கு ஆகும் கல் ஒரு குவியல், தரைக்கு ஒன்று, புகைபோக்கிக்கு ஒன்று. கட்டுகிற நாளில் தேடி அலைய வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டிடத்துக்கும் செலவுக் கணக்கு தனியாக எழுதி வைத்தார்கள். ஒரு பெரும் பாறையையே பின்சுவராக வைத்து வீடு எழுந்தது. பிறகு விறகுக் கூடம், கொட்டகை, விருந்தினர் குடில் என்று ஒவ்வொன்றாக வந்தது. பத்தொன்பது, இருபது ஆண்டு வேலை. அவசரமே கிடையாது. காலையில் நாலு மணி நேரம் வயிற்றுக்கான உடலுழைப்பு, நாலு மணி நேரம் படிப்பும் எழுத்தும், நாலு மணி நேரம் மனிதர்களோடு என்று நாளை மூன்றாக வகுத்திருந்தார்கள்.

உப்புக்கும் வரிக்கும் காசு வேண்டுமே? பண்ணையில் மேப்பிள் மரங்கள் நின்றன. இரவில் உறைந்து பகலில் உருகும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் மரத்தில் துளையிட்டு வடியும் சாற்றைச் சேர்த்துக் காய்ச்சினால் இனிப்புப் பாகு கிடைக்கும். நம் ஊரில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஆனால் பதநீர் எவ்வளவோ தேவலை. ஒரு லிட்டர் மேப்பிள் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் சாறு வற்ற வேண்டும். விறகு எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வருடத்துக்குத் தேவையான காசு சேர்ந்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். இன்னும் கொஞ்சம் விற்றால் என்ன என்ற கேள்வியே அந்த வீட்டில் எழவில்லை. மாடு, கோழி எதுவும் வளர்க்கவில்லை. புலால் தொடவில்லை. மரக் கிண்ணத்தில் சூப்பு, வேகவைத்த தானியம், ஆப்பிள். வந்த விருந்தாளிகளில் சிலர் மூன்றாம் நாளே மூட்டை கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நானாக இருந்தால் ஒரு டம்ளர் காபிக்காகவே கட்டியிருப்பேன்.

அவர்களுடைய மேப்பிள் சர்க்கரைப் புத்தகம் 1950இல் வெளிவந்தது. அதற்கு உந்துதல் தந்தவர் நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியை பேர்ல் பக். ஆனால் மலைக்கு மவுசு வந்துவிட்டது. ஸ்ட்ராட்டன் மலைச்சரிவில் பனிச்சறுக்கு விளையாட்டுக்கான திட்டங்கள் கிளம்பின. நிலத்தின் விலை ஏறியது. தங்களிடமிருந்த காட்டை, அதன் விலை உயர்வு தங்கள் உழைப்பால் வந்ததல்ல என்று, வின்ஹால் ஊருக்கே பொதுக்காடாக எழுதிக் கொடுத்தார்கள். கையால் கட்டிய கல் வீட்டை விட்டுவிட்டு 1952இல் மெய்ன் மாநிலக் கடற்கரைக்கு, ஹார்பர்சைடு என்ற இடத்துக்குப் போனார்கள். மறுபடியும் ஒரு பழைய பண்ணை, மறுபடியும் மண்ணைத் தேற்றும் வேலை. அப்போது நியரிங்குக்கு வயது 69. நம்மில் பலர் கட்டிய வீட்டுக்கு இன்னும் இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருக்கும் வயதில் அவர் இரண்டாவது முறை ஆரம்பித்தார். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் மண் அள்ளியே பல வருடங்களில் ஒரு குளம் வெட்டினார். 1968இல் எலியட் கோல்மன் என்ற இளைஞருக்கு 60 ஏக்கரை, தாங்கள் வாங்கிய அதே விலைக்கே, ஏக்கர் சுமார் 33 டாலர் என்று கொடுத்தார்கள். அந்தக் கோல்மன் பிற்பாடு இயற்கை விவசாயத்தில் பெரும் பெயர் எடுத்தார்.

1954இல் தாங்களே அச்சிட்ட லிவிங் த குட் லைஃப், 1970இல் மறுபதிப்பாக வந்தபோது காலம் மாறியிருந்தது. வியட்நாம் போரில் சலித்த இளைஞர்கள் முதுகுப் பையோடு ஆயிரக்கணக்கில் அந்தப் பண்ணைக்கு வந்து நின்றார்கள். வந்தவர்கள் கையில் மண்வெட்டி கொடுக்கப்பட்டது. 1973இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம், 58 வருடம் முன்பு வெளியேற்றிய அதே பேராசிரியருக்குக் கௌரவப் பட்டம் தந்து சேர்த்துக்கொண்டது. அவர் அப்போது கடைசிக் கல் வீட்டுக்கான வேலையில் இருந்தார்.

இதையெல்லாம் இரண்டு வருடம் முன்பு ஒரு இரவு என் மனைவியிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் இருந்தது. கிராமத்தில் தாத்தா கட்டிய நாட்டோட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது, சுற்றி மூன்று ஏக்கர், ஒரு கிணறு. அப்பா போனபின் அண்ணன் விற்றுவிடலாம் என்கிறார். நான் சீர்படுத்தி அங்கேயே போய்விடலாம் என்கிறேன். மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, இவருக்குப் பணம் எங்கேயிருந்து வந்தது, குழந்தைகளை எங்கே படிக்கவைத்தார் என்று இரண்டே கேள்வி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

பதில் அவ்வளவு அழகாக இல்லை. புத்தகத்தின் வரவு செலவுக் கணக்கு முழுக்கணக்கு அல்ல. இருவருக்கும் மரபுவழியாக வந்த பணம் இருந்தது. நியரிங் ஊர் ஊராகப் பேசிச் சம்பாதித்ததும் உண்டு. பிற்காலத்தில் வந்த இளைஞர்களின் உழைப்புக்குக் கூலி எழுதப்படவில்லை. பக்கத்து நிலத்தில் வாழ்ந்த ஒருவர் இதை 2003இல் புத்தகமாகவே எழுதிவிட்டார். அவர்களை நம்பி நிலம் வாங்கிப் போய் நொடித்தவர்களுக்கு இது ஒரு தகவலே இல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

குழந்தைகள் விஷயம் அதைவிடக் கசப்பு. மலைக்குப் போகும்போது முதல் மனைவியிடம் பிறந்த மகனும், தத்தெடுத்த மகனும் வளர்ந்துவிட்டார்கள். மூத்தவர் ஜான், அப்பா புகழ்ந்த சோவியத் நாட்டைப் பார்க்கவே போய், மாக்னிடோகோர்ஸ்க் இரும்பாலை கட்டுமானத்தில் வெல்டராக வேலை பார்த்தார். அங்கே கண்டதை 1942இல் புத்தகமாக எழுதினார். பசியும் கைதுகளும் அதில் இருந்தன. அப்பா தம் நம்பிக்கையிலிருந்து அசையவில்லை. மகன் நியரிங் என்ற குடும்பப் பெயரையே விட்டுவிட்டு ஜான் ஸ்காட் ஆனார். 1976இல் மகன் இறக்கும்வரை அந்தப் பிணக்கு தீரவில்லை. கல்லை இவ்வளவு பொறுமையாகப் பொருத்திய மனிதர் இதில் மட்டும் ஏன் இப்படி இருந்தார் என்று நினைத்துக்கொள்வேன்.

1983இல் நூறு வயது நெருங்கியபோது, இனி விறகு தூக்க முடியாது என்று தெரிந்ததும், மெல்ல மெல்ல உணவை நிறுத்தினார். கடைசியில் தண்ணீர் மட்டும். நூறாவது பிறந்த நாளுக்குப் பதினெட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 24ஆம் தேதி, ஹெலன் பக்கத்தில் இருக்கக் காலமானார். ஹெலன் 1995இல் கார் விபத்தில் போனார். மெய்ன் பண்ணையை இப்போது குட் லைஃப் சென்டர் என்ற அமைப்பு பராமரிக்கிறது.

கிராமத்து வீட்டுக்கு வருவோம். மனைவியும் நானும் முழுக்கணக்கு எழுதினோம். அவளுடைய பள்ளிச் சம்பளத்தை மறைக்காமல் எழுதினோம். பெண்ணின் பள்ளி 14 கிலோமீட்டர், பஸ் நேரம் உட்பட எழுதினோம். அண்ணனிடம் நானே போய்ப் பேசினேன். இரண்டு வருட அவகாசம் கொடுத்திருக்கிறார், அதற்குப் பிறகு அவர் பங்கை நான் வாங்க வேண்டும் அல்லது விற்க வேண்டும். கையெழுத்தெல்லாம் கிடையாது, காபி சாப்பிட்டுப் பேசியதுதான். கூரை ஓடுகளில் பாதிக்கு மேல் தேறும். மேற்குச் சுவரில் மட்டும் மூலையிலிருந்து ஒரு விரிசல் இறங்குகிறது, சுண்ணாம்புக் காரை பொருக்காக உதிர்கிறது. அளவும் படமும் எடுத்து வைத்திருக்கிறேன். சந்திப்பு நாளன்று சிவில் பிரிவு நண்பர்கள், குறிப்பாகச் சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் என்னைப் பிடித்தால் உபகாரமாக இருக்கும். பழைய நூலகத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன்.