சீர்காழி தந்த நூலகத் தந்தை

ஞானசம்பந்தர் பிறந்த சீர்காழியை அறியாதார் இலர். அதே ஊரில் 1892-ஆம் ஆண்டு பிறந்த சீ. இரா. அரங்கநாதனை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? அன்று தஞ்சை மாவட்டத்திலும், பின்னர் நம் நாகை மாவட்டத்திலும் இருந்த சீர்காழி, 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தது. எல்லை மாறினாலும் அவர் நம்மவரே என்ற உரிமையுடன் எழுதுகிறேன்.

ஆறு வயதிலேயே தந்தையை இழந்த அவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, அரசுக் கல்லூரிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். மாணவரோடு பழகிய அவருக்கு அந்தத் தனிமை கசந்தது. வகுப்பறைக்கே திரும்ப விரும்பினார். பயிற்சிக்காக இலண்டன் சென்றதே அவர் மனத்தை மாற்றியது. அங்கு ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைக் கண்டார். ஒரே துண்டுகளை வெவ்வேறாக இணைத்துப் பல பொம்மைகள் செய்யலாம். நூல்களின் பொருளையும் அவ்வாறே துண்டுகளாகப் பிரித்து இணைத்தால் என்ன?

அதன் விளைவே 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை. தஞ்சையில் 1950-இல் நெற்பயிரைத் தாக்கிய நோய் பற்றி ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். பயிர், நோய், இடம், காலம் என அதன் கூறுகள் தனித்தனியே குறிக்கப்பட்டு, பின் இணைக்கப்படும்.

இன்றைய மின்னஞ்சலை எண்ணும்போது இம்முறையே என் நினைவுக்கு வருகிறது. அலுவலகத்தில் ஒரு கடிதத்தை ஒரு கோப்பில்தான் வைக்க முடியும். தரவுத்தளத்திலோ அனுப்பியவர், நாள், பொருள் ஆகியவை தனித்தனியே பதிவாகின்றன. எந்தக் கூறைக் கொண்டும் அதே கடிதத்தைத் தேடி எடுக்கலாம். அட்டவணைகளாகத் தரவுகளை அமைக்கும் கொள்கையை எட்கர் காட் 1970-இல் வெளியிட்டார். ரே டாம்லின்சன் 1971-இல் கணினிகளுக்கிடையே மின்னஞ்சல் அனுப்பினார். இவர்கள் அரங்கநாதனைப் பின்பற்றினர் என்று நான் கூறவில்லை. குவிந்ததை எவ்வாறு மீண்டும் கண்டெடுப்பது என்ற வினாவை அவர் முன்னரே எழுப்பி விடை தேடினார் என்பதே என் கருத்து.

அவர் வகுத்த நூலக விதிகள் ஐந்தும் 1931-இல் நூலாயின. நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல என்பதே அவற்றின் அடிப்படை. வாசகரே அலமாரி வரை சென்று நூலை எடுக்க அவர் வழிசெய்தார். 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வர உழைத்தார். நூலகவியல் கல்விக்கென ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கினார். 1972-இல் மறைந்தார்.

விலை கொடுத்து நூல் வாங்க இயலாத உழவர், மீனவர் பிள்ளைகள் நம்மிடையே பலர். நமக்கு நூலகமே செல்வம். ஆகஸ்டு 12-ஆம் நாளை நூலகர் நாளாகக் கொண்டாடுவதோடு நில்லாமல், நாள்தோறும் ஒரு நூலையேனும் கையில் எடுப்போம். அதுவே அவருக்கு நாம் செய்யும் நன்றி.