எரிபொருள் என்றோர் இசைத்தட்டு

ஒரு கலைஞனின் உச்சம் எது என்று உலகம் ஒருமுறை தீர்ப்பளித்துவிட்டால், அதன்பின் அவன் படைப்பவை யாவும் அந்த ஒன்றன் நிழலிலேயே நிற்க வேண்டியதாகின்றது. அமெரிக்க ஜாஸ் ஆர்கன் கலைஞர் லாரி யங்கிற்கு நேர்ந்ததும் இதுவே. 1965-இல் அவர் பதிவு செய்த ‘யூனிட்டி’ இன்றும் போற்றப்படுகின்றது. பத்தாண்டுகளுக்குப் பின் வந்த ‘ஃபியூயல்’ என்னும் ஃபங்க், சோல் இசைத்தட்டையோ அறிந்தோர் சிலர். அறிந்தவருள்ளும் பலர் அதனைச் சறுக்கல் என்று ஒதுக்கினர். அவருடைய வாழ்வை முழுமையாக நோக்குவார்க்கு அத்தீர்ப்பு அவசரமானது என்பது புலனாகும்.

லாரி யங் 1940 அக்டோபர் 7-ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்து நியூவார்க் நகரில் பிறந்தார். தந்தையாரும் ஆர்கன் வாசித்தவர். மகன் முதலில் பயின்றது பியானோ. ஐம்பதுகளில் ரிதம் அண்ட் புளூஸ் குழுக்களில் வாசித்து அவர் தொழிலுக்குள் வந்தார். ஆடுவோருக்கும் பாடுவோருக்கும் துணை நிற்கும் இசையே அவருடைய முதற்பள்ளி என்பதை மறத்தலாகாது.

அவர் கைக்கொண்ட கருவியைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். ஹாமண்ட் ஆர்கன் 1935-இல் விற்பனைக்கு வந்தது. குழல் ஆர்கன் வாங்க இயலாத தேவாலயங்கள் இம்மின்கருவியை நாடின. அங்கிருந்து அது மதுவிடுதிகளுக்கும் சென்றது. மேலும் கீழுமாக இரண்டு விசைப்பலகைகள். காலடியில் மிதிகட்டைகளின் வரிசை. பாஸ் ஒலியைக் காலாலும் இடக்கையாலும் வாசித்து, ஒருவரே இருவர் வேலையைச் செய்யலாம். 1956-இல் ஜிம்மி ஸ்மித்தின் இசைத்தட்டுகள் வெளிவந்தபின், ஆர்கன் வாசிப்போர் அனைவரும் அவர் வகுத்த வழியிலேயே நடந்தனர். 1960-இல் வெளிவந்த யங்கின் முதல் இசைத்தட்டும் அவ்வழியில் அமைந்ததே.

அவ்வழியினின்று அவர் விலகியது புளூ நோட் நிறுவனத்திற்காகப் பதிவு செய்த ஆண்டுகளில். ஜான் கோல்ட்ரேனின் இசை அவரை ஆட்கொண்டது. சுரங்களை வழக்கமான அடுக்குகளில் குவிக்காமல், நான்காம் சுர இடைவெளிகளில் அகலமாக விரித்து வைத்தார்; கனத்த கருவிக்குள் காற்றோட்டம் பிறந்தது. 1965 நவம்பர் 10-ஆம் நாள் ‘யூனிட்டி’ பதிவாகியது. கோல்ட்ரேனின் டிரம்ஸ் கலைஞரான எல்வின் ஜோன்ஸ், சாக்ஸஃபோன் வாசித்த ஜோ ஹெண்டர்சன், இருபது வயதே நிரம்பிய டிரம்பெட் கலைஞர் வுடி ஷா ஆகியோர் உடன் வாசித்தனர். அதிலுள்ள ஆறு உருப்படிகளுள் மூன்று ஷா இயற்றியவை. யங் இயற்றியது ஒன்றுமில்லை. தன் பெயர் தாங்கிய தட்டில் பிறர் ஆக்கங்களுக்கு இடம் தந்து, அவற்றிற்கு அடித்தளமாக அமைந்த பெருந்தன்மை அது. ஆர்கனின் கோல்ட்ரேன் என்ற பட்டப்பெயரும் அவருக்கு வாய்த்தது.

1969-ஆம் ஆண்டு அவரைப் பல திசைகளில் இழுத்தது. டோனி வில்லியம்ஸின் லைஃப்டைம் குழுவில் ஜான் மெக்லாஃப்லினோடு சேர்ந்து, ராக் இசையின் உரத்த ஓசைக்குள் புகுந்தார். மைல்ஸ் டேவிஸின் ‘பிட்சஸ் புரூ’ பதிவில் மின்பியானோ வாசித்தார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸோடு அவ்வாண்டு வாசித்தது 1980-இல்தான் வெளிவந்தது. இஸ்லாத்தைத் தழுவிய அவருக்குக் காலித் யாசின் என்ற பெயரும் உண்டு. 1973-இல் வந்த ‘லாரன்ஸ் ஆஃப் நியூவார்க்’ என்ற தலைப்பிலோ பிறந்த ஊரையே அணிந்துகொண்டார்.

இந்நிலையில் 1975-இல் அரிஸ்டா நிறுவனத்தின் வாயிலாக ‘ஃபியூயல்’ வெளிவந்தது. எரிபொருள் என்பது அச்சொல்லின் பொருள். ஃபெர்னாண்டோ சாண்டர்ஸ் என்னும் இளைஞர் பாஸ் கிட்டார் வாசிக்க, லாரா லோகன் பாடினார். ‘யூனிட்டி’யில் பாஸ் கலைஞர் எவருமிலர், அச்சுமையை யங்கே தாங்கினார். இங்கு அதனை இன்னொருவர் கையில் ஒப்படைத்தார். விடுபட்ட கைகள் ஆர்கனோடு மூக் சிந்தசைசர் முதலான புதிய கருவிகளையும் நாடின. ‘டர்ன் ஆஃப் த லைட்ஸ்’ என்னும் பாடலில் பாஸ் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகின்றது. குரல் அதன்மேல் சோம்பலாய்ச் சாய்கின்றது. விசைப்பலகைகள் இடையிடையே கீறிச் செல்கின்றன. ‘யூனிட்டி’யில் கற்ற விரிவு இங்கேயும் உண்டு. ஆனால் அது முன்வந்து நிற்பதில்லை. ஆடுவோரின் காலுக்கு அடியில் கிடக்கின்றது.

குறைகள் இல்லாமலில்லை. சிந்தசைசரின் சில ஒலிகள் அக்காலத்தோடு பழகிப்போனவை. உருப்படிகள் யாவும் ஒரே தரத்தினவும் அல்ல. எனினும் இசை அன்பர்கள் பலர் அதனை ஒதுக்கியது இக்குறைகளுக்காக அன்று. அது ஆடத்தக்கதாய் இருந்தமையால், விலை போய்விட்டார் என்று கருதினர். விடுதிகளில் ஆடுவோருக்கு வாசித்து வளர்ந்த ஒருவர் அங்குத் திரும்பி வருவதை வீழ்ச்சி என்று எப்படிச் சொல்வது? அது வீடு திரும்புதலாகவும் இருக்கலாமன்றோ?

1976-இல் ‘ஸ்பேஸ்பால்’ வெளிவந்தது. 1978 மார்ச் 30-ஆம் நாள் லாரி யங் காலமானார், வயது முப்பத்தேழு. தன்மேல் விழுந்த தீர்ப்பை அடுத்த படைப்பால் மாற்றுவதற்குக் காலம் அவருக்கு இடந்தரவில்லை. 1969-இல் பதிவான ‘மதர் ஷிப்’ 1980-இல் வந்தது. அறுபதுகளில் பாரிஸில் அவர் வாசித்தவை 2016-இல் தொகுப்பாக வந்தன. பழைய அறைகளிலிருந்து வெளிவந்த இவற்றைத் தேடிக் கேட்டனர். அவர் உயிரோடிருந்தபோது கையில் தந்த ‘ஃபியூயலோ’ பின்வரிசையிலேயே கிடந்தது.

பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை பேசும் நமக்கும் இதில் செய்தியுண்டு. செறிவான கவிதைகளால் பெயர்பெற்ற ஒருவர் எளிய பாட்டொன்று எழுதிக்கொண்டு வரும்போது, அவர் இறங்கிவிட்டார் என்று நம் அவையும் கூறியதுண்டு. கூறுமுன் அப்பாட்டைக் கடைசிவரை கேட்டோமா? மறுத்துரைக்க அவர் இருக்கும்போதே கேட்டுவிடுவது நன்று.