ஃபெராரியின் கிளட்சைத் திறந்து பார்த்த டிராக்டர்காரர்



மேட்டுல வண்டி ஏறிட்டு இருக்கு. ஆக்சிலேட்டரை மிதிக்கிறீங்க. எஞ்சின் சத்தம் ஏறுது, ஆனா வேகம் ஏறல. லேசா கருகல் வாசனை வேற. மெக்கானிக்கிட்ட போனா கேட்ட உடனே சொல்லிடுவார், கிளட்ச் ஸ்லிப் ஆகுதுன்னு.

இதே கோளாறு ஒரு ஃபெராரியில் வந்தது. அதோட ஓனர் பேர் ஃபெருச்சோ லம்போர்கினி. ஆமா, நம்ம ஹாஸ்டல் சுவத்துல போஸ்டரா தொங்குற அதே லம்போர்கினிதான். ஆனா அப்போ அவர் வித்துட்டு இருந்தது டிராக்டர்!

1916 ஏப்ரல் 28-ல் இத்தாலியில் ரெனாட்ஸோ என்ற ஊரில், திராட்சை பயிரிடும் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு வயலை விட அங்க ஓடுற மெஷின்தான் பிடிச்சது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலிய விமானப்படைக்காக ரோட்ஸ் தீவில் வண்டிகளை ரிப்பேர் பண்ணார். ஸ்பேர் பார்ட்ஸ் சரியா கிடைக்காத இடத்துல வண்டியை ஓட வைக்கக் கத்துக்கிட்டார். 1945-ல் பிரிட்டிஷ் படையிடம் கைதியாகி, 1946-ல்தான் வீடு திரும்பினார். அடுத்த வருஷமே, மகன் டோனினோ பிறந்த பிரசவத்தில் மனைவி க்ளேலியா இறந்துட்டாங்க. கையில் குழந்தை, சின்னதா ஒரு ஒர்க்‌ஷாப். அவ்வளவுதான்.

போர் முடிஞ்ச இத்தாலியில் உழுவதற்கு டிராக்டர் இல்ல. ஆனா ராணுவம் கழிச்சுப் போட்ட வண்டிகள் நிறைய கிடந்தது. அந்த பாகங்களை வச்சு டிராக்டர் செஞ்சார். பெட்ரோல் விலை அதிகம்ங்கிறதால, பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி அப்புறம் மலிவான டீசலுக்கு மாத்திக்கிற மாதிரி ஒரு அமைப்பையும் சேர்த்தார். 1948-ல் டிராக்டர் கம்பெனி தொடங்கியது. பத்து வருஷத்துல ஃபெராரி வாங்குற அளவுக்கு வளர்ந்துட்டார்.

இப்போ அந்த கிளட்ச் விஷயத்துக்கு வருவோம். கிளட்ச் ஸ்லிப் ஆகுதான்னு எப்படி உறுதி பண்றது? சமதரையில், முன்னாடி யாரும் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை இழுத்து, டாப் கியர் போட்டு, கிளட்சை மெதுவா விடணும். எஞ்சின் உடனே ஆஃப் ஆனா கிளட்ச் நல்லா இருக்கு. ஆஃப் ஆகாம ஓடிக்கிட்டே இருந்தா ஸ்லிப் ஆகுது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்ப செஞ்சா பிளேட்டே கருகிடும்.

காரணம் பல இருக்கலாம்: பிளேட் தேய்ஞ்சிருக்கலாம், ஆயில் கசிஞ்சு பிளேட்ல பட்டிருக்கலாம், பிரஷர் பிளேட் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பெடலில் ஃப்ரீ பிளே இல்லாம இருக்கலாம். பெடல் மேலயே கால வச்சு ஓட்டுற டிரைவரும் காரணமா இருக்கலாம்.

லம்போர்கினி பின்னாளில் சொன்ன கதைப்படி, அவரோட ஃபெராரியை எத்தனை தடவை கம்பெனியில் ரிப்பேர் பண்ணாலும் கிளட்ச் மறுபடி போச்சு. கடைசியில் தன் சொந்த ஒர்க்‌ஷாப்பிலேயே திறந்து பார்த்தார். உள்ளே இருந்தது அவர் டிராக்டரில் போடுற அதே ரக கிளட்ச்! அந்த எஞ்சினுக்கு அது பத்தல. பெரிய கிளட்ச் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது.

டிரான்ஸ்மிஷன் பேப்பருக்கு நாம படிச்சதுதான் இது. கிளட்ச் தாங்குற டார்க் நாலு விஷயத்தைப் பொறுத்தது: உராய்வு குணகம், அழுத்தும் விசை, சராசரி ஆரம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை. எஞ்சின் தர்ற டார்க் அதை விட அதிகமா இருந்தா, எத்தனை புது பிளேட் போட்டாலும் வழுக்கத்தான் செய்யும்.

இதை என்ஸோ ஃபெராரியிடம் நேரில் போய்ச் சொன்னாராம். கோளாறு காரில் இல்ல, டிராக்டர் ஓட்டுறவருக்கு ஃபெராரி ஓட்டத் தெரியலன்னு பதில் வந்ததாம். யோசிச்சுப் பாருங்க, டிரைவர் மேல சந்தேகப்படுறது தப்பே இல்ல, அதுவும் லிஸ்ட்ல இருக்கிற காரணம்தான். ஆனா ஒருத்தர் திறந்து பார்த்துட்டு பேசினார். இன்னொருத்தர் ஆளைப் பார்த்துட்டு பேசினார்.

1963-ல் சான்ட்-அகாட்டா போலொன்யேஸேயில் லம்போர்கினி கார் கம்பெனி பிறந்தது. அந்த வருஷம் டூரின் ஷோவில் முதல் காரைக் காட்டும்போது எஞ்சினே உள்ளே பொருந்தல. பானெட்டை மூடியே வச்சிருந்தாங்க! ஆனா அடுத்த வருஷமே 350 ஜி.டி. விற்பனைக்கு வந்தது. 1966-ல் வந்த மியூரா, பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினை சீட்டுக்குப் பின்னாடி குறுக்கா வச்சு உலகத்தையே திரும்பிப் பார்க்க வச்சது.

எல்லாம் நல்லாவே முடியல. 1970-களின் தொடக்கத்தில் ஒரு பெரிய டிராக்டர் ஆர்டர் ரத்தானது. டிராக்டர் கம்பெனி கைமாறியது, கார் கம்பெனியையும் 1974-க்குள் முழுசா வித்துட்டார். அப்புறம் டிராஸிமெனோ ஏரிப் பக்கம் திராட்சைத் தோட்டம் போட்டு, ஒயின் செஞ்சு வாழ்ந்தார். திரும்பவும் விவசாயி! 1993 பிப்ரவரி 20-ல் 76 வயதில் காலமானார்.

நம்ம ப்ராஜெக்ட்டில் ஒரு பார்ட் ரெண்டாவது தடவை எரிஞ்சா, மூணாவது வாங்க கடைக்கு ஓடாதீங்க. திறந்து பாருங்க, கணக்கு போடுங்க. யாராவது உங்களுக்கு என்ன தெரியும்னு கேட்டா கவலைப்படாதீங்க. கேட்கிறவர் திறந்து பார்த்தாரான்னு மட்டும் கவனிங்க.