சதுரங்கப் பொறி கண்ட டோரெஸ் கெவேடோ

சதுரங்கம் சிந்தனைக்குரிய ஆட்டம். அதனை ஆடுதல் மனிதர்க்கே இயலும் என்று உலகோர் நெடுங்காலம் கருதினர். 1770-ஆம் ஆண்டில் கெம்பலன் என்பவர், துருக்கியர் உருவில் அமைந்த பொம்மை ஒன்றை ஆஸ்திரியப் பேரரசியின் அவையில் சதுரங்கம் ஆடச் செய்தார். கண்டோர் வியந்தனர். ஆயின், அதன் பெட்டிக்குள் ஒளிந்திருந்து ஆடியவன் ஒரு மனிதனே! வஞ்சனை சிறிதுமின்றித் தானே ஆடும் பொறியை முதன்முதல் ஆக்கிய பெருமை லியோனார்டோ டோரெஸ் கெவேடோ என்னும் ஸ்பானிய அறிஞரையே சாரும்.

இவர் 1852-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28-ஆம் நாள், ஸ்பெயின் நாட்டின் வடபால் உள்ள சாந்தா குரூஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் இருப்புப்பாதைப் பொறியாளர். டோரெஸும் மாட்ரிட் நகரில் பொறியியல் பயின்று, 1876-இல் தேர்ச்சி பெற்றார். சின்னாள் இருப்புப்பாதைப் பணியில் இருந்தபின், அதனைத் துறந்து ஆராய்ச்சியிலேயே ஆழ்ந்தார். கம்பியில்லாமல் தொலைவிலிருந்து படகை இயக்கும் கருவியை அவர் அமைத்தார். நயாகரா ஆற்றின் நீர்ச்சுழிக்கு மேலே 1916-இல் ஓடத் தொடங்கிய தொங்குவண்டியும் அவர் வகுத்ததே.

எனினும், அவர் புகழுக்கு மணிமுடியாக விளங்குவது சதுரங்கப் பொறியேயாம். 1912-இல் அமைத்த அதனை, 1914-இல் பாரிஸ் மாநகரில் அவர் காட்டினார். முப்பத்திரண்டு காய்களையும் ஆட்டிவைக்க அவர் முனைந்தாரல்லர். ஆட்டத்தின் முடிவுப் பகுதி ஒன்றை மட்டுமே எடுத்துக்கொண்டார். பொறியிடம் வெள்ளை அரசனும் கோட்டையும் இருக்கும். எதிர்த்து ஆடுவோரிடம் கறுப்பு அரசன் மட்டுமே இருக்கும். கறுப்பு அரசன் நகர்ந்ததும், அவன் நின்ற கட்டத்தை மின்தொடர்புகள் உணரும். அவன் கோட்டைக்கு மிக அருகில் வந்தால் கோட்டை அப்பால் விலகும். தொலைவில் நின்றால் ஒரு வரிசை நெருங்கி அவனை ஒடுக்கும். வேண்டியபோது வெள்ளை அரசன் துணைக்கு வருவான். இத்தகைய சில விதிகளால் பொறி தவறாது வென்றது. முறைகேடாகக் காய் நகர்த்தினால் விளக்கு எரியும். மும்முறை தவறினால் பொறி ஆட மறுத்துவிடும்!

குறை ஒன்று உண்டு. பதினாறு நகர்த்தல்களுக்குள் முடியத்தக்க ஆட்டத்தைப் பொறி சிலவேளை ஐம்பதுக்கும் மேலாக நீட்டியது. டோரெஸ் அதனைப் பொருட்படுத்தவில்லை. விரைந்து வெல்வது அவர் நோக்கமன்று. சிந்தனையால் மட்டுமே ஆவன என்று கருதப்பட்ட செயல்களுள் சிலவற்றைப் பொறியும் ஆற்றும் என மெய்ப்பிப்பதே அவர் குறிக்கோள். தம் கருத்துகளை 1914-இல் ஒரு கட்டுரையாகவும் வெளியிட்டார்.

உள்நாட்டுப் போர் மூண்டிருந்த மாட்ரிட் நகரில், 1936 டிசம்பர் 18-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் தொட்ட துறையோ வளர்ந்தது. பின்வந்தோர் கணிப்பொறியின் துணைகொண்டு, ஆட்டம் முடிந்த நிலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ஒவ்வொரு நிலைக்கும் உரிய முடிவை அட்டவணையாக்கினர். 2012-இல் மாஸ்கோவில் ஏழு காய்கள் வரையுள்ள நிலைகளுக்கு அட்டவணை நிறைவுற்றது. அவற்றுள் மறைவில்லை, ஐயமில்லை, குறுகிய வழியும் தெளிவாக உண்டு.

பெரியதொன்றை ஆற்றுவதாகக் காட்டி உலகை மயக்கினார் ஒருவர். சிறியதொன்றை எடுத்து அதனை முற்றும் மெய்யாகச் செய்துகாட்டினார் மற்றொருவர். முன்னது கதையாய் முடிந்தது. பின்னது ஓர் அறிவியலுக்கு வித்தாயிற்று.