பிறர் வேதத்தையும் பழுதறக் கற்ற பெருந்தகை: ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர்

சமய உறுதி என்பது பிற சமயத்தாரிடமிருந்து ஒதுங்கி வாழ்வதுதானா? பிறர் வேதத்தைக் கற்றால் நம் பக்தி குன்றிவிடுமா? பல சமயத்தாரும் கலந்து வாழும் நம் மலேசியத் திருநாட்டில் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் பலர் உள்ளத்தில் எழும் வினாக்கள் இவை. ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்னரே இவற்றைத் தம் வாழ்வில் எதிர்கொண்டவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமான்.

மிஷன் பாடசாலையில் ஒரு சைவர்

1822-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள், யாழ்ப்பாணத்து நல்லூரில், கந்தர், சிவகாமி தம்பதியரின் மைந்தராக அவர் தோன்றினார். தமிழைப் புலவர்களிடமும், ஆங்கிலத்தை யாழ்ப்பாணம் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலும் பயின்று, அப்பாடசாலையிலேயே ஆசிரியராக அமர்ந்தார்.

அதன் தலைவரான பீட்டர் பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழில் பெயர்க்கும் பணியில் அவரைத் துணைக்கொண்டார். நெற்றியில் திருநீறு அணியும் இளைஞர் பிற சமய வேதத்தைத் தமிழாக்குவது முறையா? அவர் செய்கையிலேயே இதற்கு விடை உண்டு. ஏற்ற பணியில் அவர் வஞ்சனை செய்யவில்லை. தம் சமய ஒழுக்கத்தையும் விடவில்லை. மதம் மாறாத ஒருவரை நம்பித் தம் வேதத்தை ஒப்படைத்த பேர்சிவலின் பெருந்தன்மையும் நினைக்கத்தக்கதே. அம்மொழிபெயர்ப்பு 1850-இல் அச்சேறியது.

துறவும் தொண்டும்

எனினும் அவர் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. சைவப் பிள்ளைகள் கல்வியின் பொருட்டுத் தம் சமயத்தை இழப்பதைக் கண்டு வருந்தினார். 1847-ஆம் ஆண்டின் இறுதி நாளன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, சம்பளம் தந்த மிஷன் வேலையைத் துறந்தார். இல்லறத்தையும் வேண்டாது தொண்டில் நின்றார். 1849-இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கிற்று. பாலபாடங்களும் பெரியபுராண வசனமும் அவர் அச்சுக்கூடப் பணியின் அருங்கனிகள்.

பாதிரிமார் சைவத்தைப் பழித்தபோது, 1854-இல் சைவதூஷண பரிகாரம் என்னும் நூலை வெளியிட்டார். விவிலியத்திலும் ஆலயமும், தூபமும், பலியும், சடங்கும் இடம்பெறுவதை எடுத்துக்காட்டி வாதிட்டார். பிறர் நூலைப் பழுதறக் கற்றவராதலாலன்றோ அங்ஙனம் எழுத முடிந்தது!

தம்மவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. தாம் பிறந்த ஊரின் கந்தசுவாமி கோயிலிலேயே ஆகம விதி வழுவியதாகக் கண்டவற்றைத் துணிந்து கண்டித்தார்.

இரு பெரியோர்

இத்தகைய உறுதி சில வேளை கடுமையாகவும் மாறிற்று. வடலூர் இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா எனல் தகாது என்று அவர் மறுத்தார். அதனால் மூண்ட பகை 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. சாதி வழக்கங்களிலும் அவர் தம் காலத்தைக் கடந்தவர் அல்லர். இவற்றை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. இருவரும் சிவபெருமானையே நம்பியவர்கள். இருவரும் பசித்தோருக்கு உணவளித்தவர்கள். வள்ளலார் வடலூரில் தருமச்சாலை கண்டார். நாவலர் 1877-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். பாடலைப் பற்றி மாறுபட்ட பெரியோர் இருவரும் பசியைப் பற்றி மாறுபடவில்லை. 1879 டிசம்பர் 5-ஆம் நாள் நாவலர் பெருமான் சிவபதம் அடைந்தார்.

நமக்குரிய பாடம்

யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேக்கும் அரசாங்கப் பணிக்கும் வந்த சைவர்கள், நல்லூரை நினைந்து பிரிக்பீல்ட்ஸில் கந்தசுவாமிக்கு ஆலயம் எழுப்பினர். அவ்வட்டாரத்திலேயே பௌத்த விகாரையும் கிறித்தவ ஆலயங்களும் உள்ளன. நாவலர் பதிப்பித்த நூல்களை ஓதும் அன்பர்களே அருட்பாவையும் உருகிப் பாடுகின்றனர். அன்று நீதிமன்றம் சென்ற வழக்கை அடியார்களின் அன்பு இவ்வாறு தீர்த்து வைத்தது.

நம் பிள்ளைகள் பிற சமயத்தாரோடு கற்பதற்கு நாம் அஞ்ச வேண்டுவதில்லை. தம் சமயத்தைக் கல்லாதிருப்பதற்கே அஞ்ச வேண்டும். வேரூன்றிய மரம் காற்றுக்கு அசையும், சாயாது. எல்லாம் வல்ல முருகப்பெருமான் திருவருள் அனைவருக்கும் துணை நிற்பதாக.