கிறேஸ் ஹொப்பர் அம்மையார்

திருகோணமலைத் துறைமுகத்தையடுத்து வாழும் எனக்குப் பிறநாட்டுப் போர்க்கப்பல்கள் புதியனவல்ல. எந்நாட்டுக் கப்பல் சைகைக் கொடி ஏற்றினும் ஏனையோர் அதன் பொருளை அறிவர். கொடிமொழி எல்லார்க்கும் பொது. 1950-ஆம் ஆண்டுகளின் கணினிகளுக்கு இந்த வாய்ப்பில்லை. ஒரு பொறிக்கு எழுதிய நிரல் மற்றொன்றுக்கு உதவாது. அக்குறையைத் தீர்க்க முனைந்தவருள் முன்னிற்பவர் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த கிறேஸ் ஹொப்பர் அம்மையார். புதிய நிரல்மொழியை உடனே ஏற்பதா, பொறுத்திருப்பதா என்று வினவும் இளைஞர்களுக்கு நான் அவர் கதையையே சொல்வது வழக்கம்.

1906-இல் நியூயோர்க்கில் பிறந்து, 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றுக் கல்லூரியில் கற்பித்துவந்தவர், போர்க்காலத்தில், 1943-இல், கடற்படையிற் சேர்ந்தார். ஹார்வர்ட்டில் மார்க்-1 என்னும் பெரும்பொறியில் பயின்றார். 1952-இல், நிரலைத் தொகுக்கும் வேலையைப் பொறியே செய்யுமாறு ஒரு தொகுப்பியை ஆக்கினார். கணினி கணக்கு மட்டுமே போடும் என்றிருந்தோர் அதனை நம்ப மறுத்தனர். பின்னர் ஆங்கிலச் சொற்களாற் கட்டளையிடும் புளோமாட்டிக் மொழியைத் தம் குழுவினருடன் படைத்தார். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அவ்வாறே கட்டளையிடலாமென்று காட்டியபோது நிறுவனத்தார் வெருண்டனராம். தமிழைக் காட்டியிருந்தால் என்ன செய்திருப்பார்களோ!

1959-இல் அரசினரும் நிறுவனத்தாரும் கூடி வகுக்கத் தொடங்கிய கோபோல் மொழிக்குப் புளோமாட்டிக்கே பெரும் அடிப்படை. அதனை முந்திக் கைக்கொண்டோர் பட்ட தொல்லை சிறிதன்று. முதல் தொகுப்பிகள் மெதுவாக இயங்கின. பொறிநேரமோ பொன்னுக்கு நிகரான காலம் அது. ஆயினும் 1960 டிசெம்பரில் ஒரே கோபோல் நிரல் ஆர்.சி.ஏ. பொறியிலும் யூனிவாக் பொறியிலும் சிறுசிறு மாற்றங்களுடன் ஓடியது. பொறியை மாற்றினாலும் எழுதிய உழைப்பு வீணாகாது என்பது அன்று தெளிவாயிற்று. இந்த ஒரு பயன் அத்தனை தொல்லைக்கும் ஈடு என்பேன். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கோபோல் இயங்கும் பொறிகளையே கேட்டதும் பெருந்துணையாயிற்று. அத்தகைய புரவலர் இல்லாத மொழியை முந்திக் கைக்கொள்வது துணிகரமே.

நிறுவனந்தோறும் கோபோல் வெவ்வேறாகத் திரிந்ததுதான் அடுத்த இடர். 1966-இல் ஓய்வுபெற்ற அம்மையாரைக் கடற்படை மறு ஆண்டே ஆறு மாதத்துக்கென்று திரும்ப அழைத்தது. தொகுப்பிகள் விதிப்படி அமைந்தனவா எனச் சோதிக்கும் நிரல்களை அவருடைய குழு ஆக்கியது. ஆறு மாதம் பல்லாண்டுகளாக நீண்டது. அட்மிரல் நிலைக்கு உயர்ந்து 1986-இல், 79-ஆம் வயதில் விடைபெற்றார். 1992 ஜனவரி 1-இல் மறைந்தார்.

கோபோல் மறையவில்லை. விட்டுவிட நினைப்போரையும் அது எளிதில் விடுவதில்லை. 2020-இல் நியூ ஜேர்சி மாநிலம் தன் பழைய கணினிகளைப் பேண, கோபோல் அறிந்த தொண்டர்கள் வேண்டுமென்று வெளிப்படையாகவே அழைப்பு விடுத்தது.